பிக் பேர்டு வேஷத்துக்குள்ள இருந்தவருக்கு வெளிய எப்படி தெரிஞ்சது?

மலர்_கோவை

எல்லாருக்கும் வணக்கம். செசமி ஸ்ட்ரீட்ங்கற அமெரிக்க குழந்தைங்க டிவி நிகழ்ச்சியோட பழைய கிளிப் எல்லாம் யூட்யூப்ல கொட்டிக் கிடக்குதுல்ல, கொஞ்ச நாளா நானும் என் பொண்ணும் அதையே தான் பாத்துட்டு இருக்கோம். அவளுக்கு அதுல வர்ற எல்மோங்கற குட்டி பொம்மை பிடிக்கும், எனக்கு பிக் பேர்டு. அந்த மஞ்சப் பறவை தலைய சாய்ச்சு ஒரு கேள்வி கேக்கும் பாருங்க, மனசு அப்படியே கரைஞ்சிரும்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஏரியா வாசிப்பு வட்டத்துல குழந்தைங்களுக்கு பொம்மை வெச்சு கதை சொல்றேன். கைப்பொம்மை, சாக்ஸ் பொம்மை எல்லாம் பண்ணியாச்சு, இந்த தடவை ஒரு ஆள் உள்ள புகுந்து ஆட்டுற மாதிரி பெரிய மயில் ஒண்ணு செய்யலாம்னு ஸ்பாஞ்ச், துணி எல்லாம் வாங்கி வெச்சிருக்கோம். அதனால இப்போ பிக் பேர்டை பாக்குறப்போ கதைய விட்டுட்டு உடம்பை தான் பாக்குறேன், நிறுத்தி நிறுத்தி பாக்குறேன், சில விஷயம் பிடிபடவே மாட்டேங்குது.

உள்ள இருக்கறவருக்கு வெளிய எப்படி தெரியுது? கண்ணு எட்டடி உயரத்துல இருக்கு, அங்க ஆளோட தலை இருக்க வாய்ப்பே இல்ல. கழுத்துலயோ நெஞ்சுலயோ ஓட்டையோ வலைத்துணியோ எதுவும் என் கண்ணுல படல. அப்புறம் அந்த வலது றெக்கை. இடது றெக்கை நல்லா பொருளை எடுக்குது, குடுக்குது, கையாட்டுது. வலது மட்டும் எதையும் பிடிக்காம சும்மா நிக்குது, இடது கீழ போனா வலது லேசா மேல வருது. அது என்ன டெக்னிக்? இன்னொண்ணு, இது கொஞ்சம் வேற மாதிரி கேள்வி. அவ்வளவு பெரிய உருவத்தை பாத்தா சின்னக் குழந்தைங்க அலறி ஓடணும், ஆனா ஓடி வந்து கட்டிப் பிடிக்குதுங்க. அது எப்படி வந்துச்சு? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க, எவ்வளவு நீளமா இருந்தாலும் படிப்பேன்.

நூல்கண்டு

மலர், உங்க கண்ணு சரியா தான் பாத்திருக்கு. ஓட்டை கிடையாது, வலது றெக்கைக்குள்ள கையும் கிடையாது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு தான்.

உள்ள இருந்தவர் பேர் கேரல் ஸ்பின்னி. 1969 நவம்பர் 10ஆம் தேதி முதல் எபிசோடு வந்ததுல இருந்து 2018ல ஓய்வு பெறுற வரைக்கும், கிட்டத்தட்ட 50 வருஷம், பிக் பேர்டுன்னா அவர் தான். அதே நிகழ்ச்சில குப்பைத்தொட்டிக்குள்ள குடியிருக்கற ஆஸ்கர் பொம்மையும் அவர் தான். உருவத்தை வரைஞ்சது மப்பெட்னு சொல்ற இந்த பொம்மைகளை உருவாக்குன ஜிம் ஹென்சன், அதை உடம்பா கட்டிக் குடுத்தது கெர்மிட் லவ்னு ஒரு டிசைனர் (ஹென்சனோட தவளைப் பொம்மைக்கும் கெர்மிட்னு தான் பேர், ஆனா தவளை 1955லயே பொறந்தாச்சு, இவர் ஹென்சன் கூட சேர்ந்தது ரொம்ப பின்னாடி, சம்பந்தம் இல்ல).

முதல்ல உடம்பு எப்படி நிக்குதுன்னு பாத்துருங்க, அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிரும். உயரம் 8 அடி 2 அங்குலம். நீங்க கழுத்துன்னு நினைச்சுப் பாக்கறது ஸ்பின்னியோட வலது கை. கைய தலைக்கு மேல நேரா தூக்கி பறவையோட தலைக்குள்ள விட்டிருப்பார், அலகு திறக்கறது மூடறது எல்லாம் அந்த உள்ளங்கைல தான். சுண்டு விரலுக்கு மட்டும் தனி வேலை, அதுல ஒரு லீவர் மாட்டியிருக்கும், அதை அசைச்சா கண் இமை ஏறும் இறங்கும். பிக் பேர்டு ஏமாந்து போய் நிக்கறப்போ இமை பாதி இறங்கி வரும் பாருங்க, அவ்வளவு சோகமும் ஒரு சுண்டு விரல்ல இருந்து வருது. தலை மட்டும் ரெண்டு கிலோ கிட்ட எடை. ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டு ஒரு பாட்டு முழுசா பாடிப் பாருங்க, அப்போ தெரியும் அவர் பட்ட பாடு. மேல போர்த்தியிருக்கறது சாயம் போட்ட ஆயிரக்கணக்கான வான்கோழி இறகு, ஸ்டூடியோ லைட்டு வேற, உள்ள வெந்து போயிரும்.

வலது கை தலைக்கு போயிருச்சா, இடது கை இடது றெக்கைக்குள்ள இருக்கு. மிச்சம் வலது றெக்கை, அதுக்கு ஆளே இல்ல. அதனால மீன் பிடிக்கற நரம்பு, அந்த கண்ணுக்கு தெரியாத நைலான் நூல், அதை வலது றெக்கைல கட்டி, கழுத்துக்கு கீழ இருக்கற ஒரு வளையத்துக்குள்ள விட்டு இடது கையோட இணைச்சிருக்காங்க. இடது கை இறங்குனா நூல் இழுபட்டு வலது றெக்கை ஏறும், இடது ஏறுனா வலது இறங்கும். அதான் நீங்க பாத்தது. ரெண்டு கையாலயும் நிஜமாவே ஒரு வேலை செய்ய வேண்டிய காட்சின்னா இன்னொரு பொம்மைக் கலைஞர் வந்து வலது றெக்கைய பாத்துக்குவார். நம்ம பொம்மலாட்டக்காரங்க பொம்மையோட நூலை தலைல மாட்டுன இரும்பு வளையத்துல கட்டிட்டு, தலைய அசைச்சே பொம்மைய நடக்க வெப்பாங்கல்ல, கை பத்தலன்னா உடம்புல வேற எது சும்மா இருக்குன்னு தேடற அதே புத்தி தான் இதுவும்.

இப்போ பார்வை. அவர் மார்புல ஒரு குட்டி டிவி கட்டியிருக்கும், கேமரா எடுக்கற படம் அப்படியே அதுல வரும், அதை பாத்து தான் அத்தனையும். நேரா வெளிய பாக்க வழியே இல்ல. வசனப் பேப்பரும் உள்ளயே ஒட்டி வெச்சுக்குவார். இதுல பெரிய சிக்கல் என்னன்னா அந்த டிவி கண்ணாடி மாதிரி காட்டாது. நீங்க உங்க வலது பக்கம் திரும்புனா படத்துல பறவை இடது பக்கம் திரும்பும். செல்ஃபி கேமரால பழகுன நமக்கு இது தலைய சுத்தும், ஆனா மப்பெட் கலைஞர்கள் எல்லாருமே இப்படித் தான் பழகறாங்க, ஏன்னா வீட்ல உக்காந்து பாக்கற குழந்தைக்கு என்ன தெரியுதோ அதே தான் அவங்களுக்கும் தெரியணும். பக்கத்துல ஒரு குழந்தை நிக்குதுன்னு வைங்க, அது ஃபிரேம்ல இல்லன்னா ஸ்பின்னியைப் பொறுத்தவரை அது அங்க இல்ல. குரல் வர்ற திசைய வெச்சு தலைய திருப்பி, டிவில பாத்து, அலகோட நுனி குழந்தையோட மூக்குக்கு நேரா வர்ற மாதிரி இறக்கி, அப்புறம் இமைய லேசா தாழ்த்தணும். அப்போ தான் பறவை குழந்தைய பாக்குதுன்னு நமக்கு தோணும். இத்தனையும் பேசிட்டே. இதோட ரோலர் ஸ்கேட்டும் பண்ணிருக்கார் மனுஷன்!

உங்க மயிலுக்கு இதுல ஒண்ணு கண்டிப்பா எடுத்துக்கலாம். ட்ரைபாட்ல ஒரு போன், அந்த வீடியோவ வாங்கற இன்னொரு போன் ஆட்டுறவர் நெஞ்சுல. ஆனா ஒளிபரப்பு தாமதம் இல்லாம வரணும், அரை நொடி லேட்டா வந்தா கூட ஆட்டுறவருக்கு கால் தடுமாறும். அதுக்கு கேபிள் போட்ட சின்ன மானிட்டர் தான் நல்லது. மேடைக்கு நேர்ல உக்காந்து பாக்கற கூட்டம்னா இது எதுவும் வேண்டாம், மயில் கழுத்துல கறுப்பு வலைத்துணி வெச்சுத் தைச்சுருங்க. பக்கத்துல ஒரு ஆள் எப்பவும் இருக்கட்டும்.

வேலு_எடிட்டிங்

நூல்கண்டு அண்ணன் உடம்பு பத்தி சொல்லிட்டார், நான் மூணாவது கேள்விக்கு வர்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச ஏரியா.

முதல் சீசன் பிக் பேர்டை யாராச்சும் பாத்திருக்கீங்களா? தலைல இறகே சரியா இருக்காது, ஆளும் வேற. விவரம் பத்தாத ஒரு பட்டிக்காட்டு ஆளு மாதிரி தான் எழுதிருந்தாங்க, எதுலயாச்சும் இடிச்சுக்கறது, தப்பு தப்பா புரிஞ்சுக்கறது, அதை பாத்து சிரிக்கணும், அவ்வளவு தான். ஸ்பின்னிக்கு அது செட் ஆகல. கொஞ்ச நாள்லயே அவர் போய், இந்தப் பறவை ஒரு குழந்தை, நான் குழந்தையா தான் பண்ணப் போறேன்னு சொல்லிட்டார். குரல் மாறுச்சு, நடை மாறுச்சு, பின்னாடி வயசும் 6ன்னு நின்னுருச்சு.

இந்த ஒரு முடிவு தான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு நான் அடிச்சு சொல்வேன். யோசிச்சுப் பாருங்க, ஒரு பெரிய ஆளு ஏ பி சி டி தெரியாம முழிச்சா அது கேலி, ஆறு வயசுக் குழந்தை முழிச்சா அது நம்ம கதை. முதல் சீசன்லயே ஒரு பாட்டு இருக்கு, பிக் பேர்டு ஏ-ல இருந்து இசட் வரைக்கும் வரிசையா எழுதியிருக்கறத பாத்துட்டு இது ஏதோ ஒரே ஒரு நீளமான வார்த்தை போலன்னு முழுசா சேத்து உச்சரிச்சு, இதுக்கு என்ன அர்த்தமா இருக்கும்னு மண்டைய உடைச்சுக்கும். அதுல காமெடி பண்றோம்ங்கற நினைப்பே அதுகிட்ட இருக்காது, அவ்வளவு சீரியஸா ஆராய்ச்சி பண்ணும். பாக்கற குழந்தைக்கு உடனே ஒரு பெருமை வருது, ஐயோ இது வார்த்தை இல்ல எழுத்துன்னு எனக்கு தெரியுமேன்னு. எட்டடி உயரம் இருக்கறதுக்கு நான் சொல்லித் தரலாம்னு ஒரு நாலு வயசுக்கு தோணுச்சுன்னா பயம் எங்க இருந்து வரும்? கட்டிப் பிடிக்காம என்ன செய்யும்?

மலர் அக்கா, உங்க மயிலுக்கும் முதல்ல வயசு என்னன்னு முடிவு பண்ணுங்க. ஸ்பாஞ்ச் வெட்டறதுக்கு முன்னாடி அதை முடிவு பண்ணுங்க.

ஸ்பின்னி எப்படி உள்ள வந்தார்ங்கறதும் சொல்லிடறேன். பாஸ்டன்ல போஸோங்கற கோமாளியோட டிவி நிகழ்ச்சில வேலை பாத்துட்டு இருந்தவர். 1969ல சால்ட் லேக் சிட்டில பொம்மைக் கலைஞர்கள் திருவிழா, அங்க பின்னாடி திரைல படம் ஓட, முன்னாடி பொம்மை ஆடற மாதிரி ஒரு புது முயற்சி பண்ணார். நடுவுல ஒரு ஸ்பாட்லைட் திரை மேல விழுந்து படமே தெரியாம வெளுத்துப் போச்சு, மொத்த ஷோவும் கவுந்துருச்சு. முடிஞ்சதும் ஜிம் ஹென்சன் மேடைக்கு பின்னாடி வந்து, நீங்க என்ன பண்ண நினைச்சீங்கங்கறது எனக்கு பிடிச்சிருந்ததுன்னு சொல்லி வேலைக்கு கூப்பிட்டார். நல்லா நடந்த ஷோவைப் பாத்து யாரு வேணா கூப்பிடலாம், இது தான் ஹென்சன். அடுத்த வருஷம் நவம்பர்ல டைம் பத்திரிகை அட்டைல பிக் பேர்டு!

மலர்_கோவை

நூல்கண்டு அண்ணா, வேலு தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. கழுத்து தான் கைங்கறதை படிச்சுட்டு போய் மறுபடி பாத்தேன், இப்போ தெரியுது, பேசும்போது கழுத்து மணிக்கட்டு மாதிரியே மடங்குது. கேபிள் மானிட்டருக்கு ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எங்க மயிலுக்கு அஞ்சு வயசு, தோகை இன்னும் வரல, எப்போ வரும்னு எல்லாரையும் கேட்டுட்டே திரியும்னு குழந்தைங்களே முடிவு பண்ணிட்டாங்க.

இன்னொரு விஷயம் கேக்கணும். எங்க அப்பா இந்த வருஷம் தவறிட்டாங்க. என் பொண்ணுக்கு தாத்தான்னா உயிர். சாமிகிட்ட போயிட்டாங்க, ஊருக்கு போயிட்டாங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி வெச்சிருக்காங்க, அவ வாசல்ல பைக் சத்தம் கேட்டா இன்னும் ஓடிப் போய் பாக்குறா. கடைக்காரர் இறந்து போன எபிசோடு ஒண்ணு இருக்கு, பிக் பேர்டு அதுல வரும், குழந்தைக்கு காட்டுன்னு ஒரு தோழி சொன்னா. நான் இன்னும் பாக்கல. யாராச்சும் பாத்திருந்தா சொல்லுங்க, காட்டலாமா?

ஸ்கார்பரோ_அக்கா

மலர் தங்கச்சி, அப்பான்ர இழப்புக்கு என்ர அனுதாபங்கள். பிள்ளை வாசலுக்கு ஓடுறா எண்டு வாசிக்கேக்க நெஞ்சு அடைச்சுப் போச்சு.

நான் கனடாவில வளர்ந்தனான், பள்ளிக்கூடத்தால வந்து பையை எறிஞ்சுபோட்டு டிவிக்கு முன்னால இருந்தா அம்மா கூப்பிடுறதே கேக்காது. அந்த எபிசோட்டைப் பிறகு என்ர பிள்ளையளோட இருந்து பாத்தனான். அதால விவரமாவே எழுதுறன்.

மிஸ்டர் ஹூப்பர் எண்டுறவர் அந்தத் தெருவில கடை வச்சிருந்தவர், பிக் பேர்டுக்குப் பறவைத் தீனி போட்டு மில்க்‌ஷேக் அடிச்சுக் குடுக்கிறவர். பிக் பேர்டு ஒரு நாளும் அவற்ற பேரைச் சரியாச் சொன்னதில்லை, லூப்பர் கூப்பர் எண்டு ஏதாவது சொல்லும், அவர் ஹூப்பர், ஹூப்பர் எண்டு திருத்துவார். அந்தப் பாத்திரத்தில நடிச்ச வில் லீ 1982 டிசம்பர் 7ஆம் திகதி காலமாகிட்டார். வேற நடிகரைப் போட்டிருக்கலாம், ஊரை விட்டுப் போயிட்டார் எண்டு கதை விட்டிருக்கலாம். அவை அப்பிடிச் செய்யேல்லை. பிள்ளையளின்ர மனசைப் பற்றித் தெரிஞ்ச ஆக்களோட எல்லாம் கதைச்சு, நோர்மன் ஸ்டைல்ஸ் எண்டுறவர் எழுதி, 1983 நவம்பர் 24, நன்றி தெரிவிக்கும் நாள் அண்டு ஒளிபரப்பினவை. அண்டைக்கு அமெரிக்காவில எல்லாருக்கும் லீவு, தாய் தகப்பன் பிள்ளைக்குப் பக்கத்தில இருப்பினம், பிள்ளை ஏதும் கேட்டா மறுமொழி சொல்ல ஆள் இருக்கும் எண்டு யோசிச்சுத் தான் அந்த நாளைத் தெரிவு செய்தவை.

காட்சி இது தான். அந்தத் தெருவில இருக்கிற பெரியாக்கள், மரியா, டேவிட், கோர்டன் எல்லாரும் முற்றத்தில மேசையைச் சுத்தி இருக்கினம். பிக் பேர்டு தான் வரைஞ்சு கீறின படங்களைக் கொண்டு வந்து ஆளுக்கொண்டாக் குடுக்குது, அவரவற்ற முகம். எல்லாரும் சிரிச்சுப் பகிடி விட்டுக் கொண்டிருக்கினம். கடைசியா ஒரு படம் மிஞ்சுது, அது ஹூப்பற்ற. அவர் எங்க, நான் குடுக்கோணும் எண்டு கேக்குது. அவர் செத்துப் போயிட்டார் எண்டு உனக்குச் சொன்னனாங்கள் தானே எண்டு ஞாபகப்படுத்துகினம். ஓம் ஓம் மறந்திட்டன், அப்ப அவர் திரும்பி வரேக்க குடுக்கிறன் எண்டுது பிக் பேர்டு. அந்த இடத்தில ஒருத்தருக்கும் கதை வராது. பிறகு மரியா எழும்பி வந்து, செத்துப் போனாக்கள் திரும்பி வரமாட்டினம் எண்டு மெல்லச் சொல்லுறா. ஒரு நாளுமே வரமாட்டாரோ எண்டு கேக்குது. ஒரு நாளும் வரமாட்டார்.

அதுக்குப் பிறகு பிக் பேர்டு கேக்கிறதெல்லாம் அப்பிடியே பிள்ளையள் கேக்கிறது தான். அப்ப எனக்கு ஆர் மில்க்‌ஷேக் அடிச்சுத் தருவினம், ஆர் கதை சொல்லுவினம்? கடையை இனி நான் பாக்கிறன், நான் அடிச்சுத் தாறன் எண்டு டேவிட் சொல்லுறார். ஆனா அது அவர் அடிக்கிற மாதிரி இருக்காதே எண்டுது பறவை. ஓம், இருக்காது எண்டு ஒத்துக்கொள்ளுகினம். பொய் சொல்லேல்லை. ஏன் இப்பிடி இருக்கோணும், ஒரு காரணம் சொல்லுங்கோ எண்டு கோவமாக் கேக்கேக்க கோர்டன் சொல்லுற மறுமொழி, அது அப்பிடித் தான், காரணம் எண்டு ஒண்டும் இல்லை. மேலுலகமும் இல்லை, நோய் எண்டும் இல்லை, வயசு எண்டும் இல்லை. நோய் வந்து செத்தவர் எண்டு சொன்னா அடுத்த முறை தாய்க்குத் தடிமன், சளி வந்தாலே பிள்ளை பயப்படும் எல்லோ. அந்த நடிகர்மார் அழுதது உண்மையான அழுகை, அவையும் வில் லீயோட வருசக்கணக்கா வேலை செய்தாக்கள். படங்களை ஸ்பின்னி தன்ர கையால கீறினவர்.

கடைசியா படத்தைப் பாத்து, உங்களை நினைச்சு ஏங்குவன் மிஸ்டர் லூப்பர் எண்டுது. மரியா கண்ணீரோட, ஹூப்பர் பிக் பேர்டு, ஹூப்பர் எண்டு திருத்துறா. இனி அதைத் திருத்துறது இவையின்ர வேலை.

என்ர எண்ணம், காட்டுங்கோ. ஆனா தனிய விட்டுக் காட்டாதேங்கோ, மடியில வச்சுக் கொண்டு பாருங்கோ. பாத்து முடிய அவவையும் தாத்தாவைக் கீறச் சொல்லுங்கோ.

கதிர்மணி

ஸ்கார்பரோ அக்கா சொன்னதுல பெரும்பாலும் ஒத்துப் போறேன், ஆனா மலர் மேடம், ஒரு வார்த்தை. முதல்ல நீங்க தனியா பாருங்க. குழந்தையை விட உங்களுக்கு தான் அது பலமா அடிக்கும், உங்க அப்பா போய் வருஷம் கூட ஆகல. நீங்க உடைஞ்சு போறதை அவ பாத்தா தப்பில்ல, ஆனா எந்த இடத்துல என்ன வருதுன்னு தெரிஞ்சு உக்காருங்க. அப்புறம், வீடியோக்கு முன்னாடியே வீட்ல எல்லாரும் ஒரே பேச்சா பேசணும். ஊருக்கு போயிட்டாங்கன்னு பாட்டி சொல்லி, வரவே மாட்டாங்கன்னு பிக் பேர்டு சொன்னா அவ யாரை நம்புவா? அந்த எபிசோடோட பலமே பெரியவங்க அத்தனை பேரும் ஒரே பதிலை சொல்றது தான். பாத்து முடிச்ச கையோட அம்மா நீயும் செத்துருவியான்னு கேப்பா, அதுக்கும் தயாரா இருங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் தான், அது வரைக்கும் உன் கூட தான் இருப்பேன்னு சொல்லிக் கட்டிப் பிடிச்சுக்கோங்க.

குழந்தைங்க சொல்றத பெரியவங்க நம்பறது பத்தியும் பிக் பேர்டு கதைல ஒரு விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஸ்னஃபின்னு யானை மாதிரி ஒரு பெரிய ரோமக் கூட்டாளி, 1971ல இருந்து வருது, ரெண்டு பேர் உள்ள இருந்து ஆட்டுறது. பிக் பேர்டு கண்ணுக்கு மட்டும் தான் தெரியும், பெரியவங்க வர்றதுக்குள்ள அது நகர்ந்துரும், பிக் பேர்டு கற்பனை பண்ணுதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. வருஷக்கணக்கா இதே காமெடி ஓடுச்சு. 80கள்ல அமெரிக்காவுல குழந்தைகள் மேல நடக்கற பாலியல் கொடுமை பத்தி செய்தி நிறைய வர ஆரம்பிச்சதும் தயாரிப்பாளர்களுக்கு உறுத்திருச்சு. நிஜத்தை சொல்ற ஒரு குழந்தைய எல்லா பெரியவங்களும் சேர்ந்து நம்ப மாட்டேங்கறாங்கன்னு தினமும் காட்டிட்டு இருக்கோமே, இதைப் பாக்கற குழந்தை தனக்கு ஏதாச்சும் நடந்தா வெளிய சொல்லுமான்னு யோசிச்சாங்க. 1985 நவம்பர்ல ஸ்னஃபிய எல்லார் முன்னாடியும் கொண்டு வந்துட்டாங்க. அது வழக்கம் போல நழுவப் பாக்குறப்போ எல்மோ தும்பிக்கைய பிடிச்சுத் தொங்கி நிறுத்தி வெக்கும். பெரியவங்க வரிசையா வந்து கை குடுத்து, உன்னை நம்பாம இருந்துட்டோம், இனிமே நம்பறோம்னு பிக் பேர்டுகிட்ட சொல்வாங்க. நல்லா ஓடிட்டு இருந்த காமெடிய ஒரு குழந்தைக்காக நிறுத்துனாங்க பாருங்க, அதுக்காகவே அந்த டீமை கும்பிடலாம். உங்க பொண்ணோட சேர்ந்து அதையும் பாருங்க, அது சந்தோஷமா முடியும்.

மலர்_கோவை

அக்கா, கதிர் சார், படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. நேத்து ராத்திரி அவ தூங்கினதுக்கு அப்புறம் நான் மட்டும் பாத்தேன். சார் சொன்னது நிஜம், எனக்கு தான் பலமா அடிச்சுது. அம்மாகிட்டயும் பேசிட்டேன், முதல்ல கோபப்பட்டாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சேர்ந்து பாக்கப் போறோம்.

இதே மாதிரி வேஷம் வேற நாட்டு செசமி ஸ்ட்ரீட்லயும் உண்டா? இப்போ பிக் பேர்டை யார் பண்றாங்க? குரல் கேட்டா எனக்கு வித்தியாசமே தெரியல.

வேலு_எடிட்டிங்

உண்டு அக்கா. மெக்சிகோவுல அபெலார்டோன்னு பச்சைக் கிளி, நெதர்லாந்துல பினோன்னு நீலப் பறவை, ஜெர்மனில சாம்சன்னு கரடி. நம்ம நாட்டுல 2006ல ஆரம்பிச்ச கல்லி கல்லி சிம் சிம்ல பூம்பான்னு ஒரு சிங்கம், ஹிந்தில வந்துச்சு. எல்லாமே ஆள் உள்ள இருந்து ஆட்டுறது தான், தேடிப் பாருங்க, மயிலுக்கு ஐடியா கிடைக்கும்.

இப்போ பண்றவர் மேட் வோகல். திடீர்னு வந்தவர் இல்ல, 90கள்ல இருந்தே ஸ்பின்னிக்கு மாற்றா பக்கத்துல நின்னு கத்துக்கிட்டவர். ஸ்பின்னிக்கு வயசாகி நிதானம் தவற ஆரம்பிச்சதும் 2015ல இருந்து உடம்பை வோகல் ஆட்டுனார், குரல் மட்டும் ஸ்பின்னி குடுத்தார். ஒரே பறவைக்கு ஒருத்தர் கை, இன்னொருத்தர் வாய். 2018 அக்டோபர்ல ஸ்பின்னி முழுசா ஓய்வு, 2019 டிசம்பர் 8ல 85 வயசுல காலமானார். ஆஸ்கரை எரிக் ஜேக்கப்சன் எடுத்துக்கிட்டார்.

ஹென்சன் 1990 மே 16ல இறந்தார், வெறும் 53 வயசு. அஞ்சு நாள் கழிச்சு நியூயார்க் செயின்ட் ஜான் தேவாலயத்துல அஞ்சலிக் கூட்டம். கூட்டத்துக்கு நடுவுல பிக் பேர்டு மட்டும் தனியா மெதுவா நடந்து வந்து, பச்சையா இருக்கறது லேசில்லன்னு கெர்மிட் தவளை பாடற பாட்டை பாடும். கெர்மிட் யாருன்னா ஹென்சன் தான், அவரோட கையும் குரலும் தான். உள்ள ஸ்பின்னி கையத் தூக்கிப் பிடிச்சுட்டு, தனக்கு வேலை குடுத்த மனுஷனுக்காக, குரல் உடையாம ஆறு வயசுக் குழந்தையாவே பாடி முடிக்கறார். முடிச்சுட்டு மேல பாத்து, தேங்க் யூ கெர்மிட். அவ்வளவு தான் சொல்லும். வீடியோ இருக்கு, பொண்ணை தூங்க வெச்சுட்டு பாருங்க.

2017ல இருந்து கெர்மிட்டையும் வோகல் தான் பண்றார். ஹென்சன் கைல இருந்ததும் ஸ்பின்னி கைல இருந்ததும் இன்னைக்கு ஒரே ஆள்கிட்ட இருக்கு.